சோறு எடுக்கப் போறது

(எழுதுகிறவர்களும் அச்சு வேலை செய்கிறவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



படைப்பையும் பதிப்பையும் பற்றிப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் பேராசிரியன் கிடையாது. பகலில் வங்கி கவுண்டரில் உட்கார்கிற குமாஸ்தா. கவிதை எழுதறவன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அடுத்தவங்க எழுதினதைத் திருத்திக் கொடுக்கறவன். எந்தப் பதிப்பகத்திலும் எனக்கு நாற்காலி இல்லை. புத்தகம் கைக்கு வந்தால் வேலை, பக்கக் கணக்கில் கூலி. புத்தகக் கண்காட்சிக்கு முந்தின ரெண்டு மாசம் தூக்கம் கிடையாது, அப்புறம் ஆறு மாசம் யாரும் கூப்பிட மாட்டாங்க.

மெய்ப்பு பார்ப்பது வேறு, எடிட் பண்ணுவது வேறு. மெய்ப்பு பார்க்கறவர் மூலப் பிரதியையும் அச்சுப் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விட்டுப்போனதையும் மாறிப்போனதையும் ஒற்றுப் பிழையையும் பார்க்கிறார். எடிட் பண்றவர் வாக்கியத்துக்கு உள்ளேயே கை வைக்கிறார். இந்தப் பத்தி முன்னால் வரணும், இது ரெண்டு தடவை வருது, இந்தச் சொல் வாசகனுக்குப் புரியாது என்று தீர்ப்பு சொல்கிறார். யார் அந்த வாசகன்? அவன் ஊரில் இருக்கிறானா, சேரியில் இருக்கிறானா? இந்தக் கேள்வியைப் பல வருஷம் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

எனக்கும் அது நடந்திருக்கு. கல்லூரி முடித்த புதிதில் ஒரு இலக்கியப் பத்திரிகைக்குக் கவிதை அனுப்பினேன். எங்க வீட்டுத் தாழ்வாரத்தில் கயிற்றில் தொங்கிய உப்புக்கண்டத்தைப் பற்றியது. அச்சில் பார்த்தால் 'உலர்ந்த இறைச்சி' என்று இருந்தது. எங்க ஆயா கைமணம், அதைப் பார்த்து மூக்கைச் சுளித்துப் போனவங்க, எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. கடிதம் போட்டேன், பதில் வரல. ரொம்ப நாள் அந்தக் கோபத்தை ஒரு பதக்கம் மாதிரி குத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம் அதே வேலையை நானே செய்தேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

ஒரு பெரியம்மா. பேர் வேண்டாம். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டக் கற்றவங்க. வயசான காலத்தில் தன் கதையை ரெண்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாங்க. பென்சில் எழுத்து. முற்றுப்புள்ளி கிடையாது, மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு சின்னக் கோடு. ஒரு தோழர் கொண்டுவந்து கொடுத்து, புத்தகமாப் போடணும், சரி பண்ணிக் கொடு என்றார். ரொம்பச் சிரத்தையாகவே சரி பண்ணினேன். தட்டச்சு முடிந்ததும் எடுத்துக்கொண்டு அவங்க வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாங்க. ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாங்க.

அவங்க எழுதியது: 'ராத்திரி ஊருக்குள்ள போயி சோறு எடுத்தாருவோம்.' நான் ஆக்கியது: 'இரவில் ஊருக்குள் சென்று வீடு வீடாக உணவு கேட்டு வாங்கி வருவோம்.'

"கேட்டுன்னா போட்டுருக்க தம்பி? நாங்க யாரையும் கேக்கல. எங்க வூட்டுக்காரரு சாவு சேதி சொல்லப் போனாரு, ஏரி மடை தொறக்கப் போனாரு, செத்த மாட்ட இழுத்துப் போட்டாரு. அதுக்கு அது கூலி. வாசல்ல நின்னு கொரல் குடுப்போம், அவங்க போடணும். நீ கேட்டுன்னு போட்டா நாங்க பிச்ச எடுத்த மாரி இல்ல ஆவுது?"

நான் சும்மா இருக்கல. "எடுக்கறதுன்னா பட்டணத்துல படிக்கறவங்களுக்குப் புரியாது பெரியம்மா" என்றேன். "புரியலன்னா கேக்கட்டும். நீ வெளக்கிச் சொல்லு. அதுக்குத்தான நீ படிச்ச?" என்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "கூலின்னுதான் சொன்னேன், நல்ல கூலின்னு சொல்லல. ஊசிப்போனத ஊத்துனவளும் உண்டு. அதையும் எழுதியிருக்கேன் பாரு" என்றாங்க. பார்த்தேன். 'ஊசிப்போன' என்பதை நான் 'பழைய' என்று மாற்றியிருந்தேன்.

தோழர்களே, உழைப்புக்குச் சேரவேண்டிய கூலியைத் தருமம் போலக் காட்டி, வாங்குகிறவரைக் குனிய வைப்பது சாதி நெடுங்காலமாகச் செய்துவருகிற வேலை. 'எடுத்து' என்ற சொல்லில் அந்த அம்மாவின் பாத்தியதை இருந்தது. அதை 'கேட்டு' என்று மாற்றியதும் சாதி செய்ததை என் பேனாவும் செய்துவிட்டது. செய்தவன் மேல்சாதிக்காரனும் இல்லை. சேரியில் பிறந்து, பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத் தமிழை நல்ல தமிழ் என்று நம்பிவிட்ட நான்.

வீட்டுக்கு வந்து நோட்டையும் தட்டச்சுப் படியையும் மறுபடி ஒப்பிட்டுப் பட்டியல் போட்டேன். 'ஆண்டை' என்பது 'நில உரிமையாளர்' ஆகியிருந்தது. 'படியாள்' என்பது 'பண்ணைத் தொழிலாளி'. 'சேரி' என்பது 'குடியிருப்பு'. அடிச்சவனும் அடிபட்டவனும் அந்தச் சொற்களோடு காணாமல் போயிருந்தாங்க. மிச்சமிருந்தது ஒரு அரசாங்க அறிக்கை.

வங்கியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. காசோலையில் ஒரு எண்ணை அடித்து எழுதினாலும் அந்த இடத்தில் கணக்குக்காரர் முழுக் கையெழுத்துப் போடணும். இப்போதுள்ள சி.டி.எஸ். முறையில் தேதியைத் தவிர வேறெதையும் திருத்தவே முடியாது, வேறு காசோலைதான் எழுதித் தரணும். நூறு ரூபாய்க் காசோலைக்கே இவ்வளவு காபந்து. ஒருத்தர் தன் ஆயுசை எழுதித் தந்த நோட்டில் நூறு இடத்தில் அடித்து எழுதினேன், ஒரு இடத்திலும் அவங்க சம்மதம் கேட்கல.

நமக்கு முன்னால் இதில் தெளிவாக நின்றவர் பாபாசாகேப். லாகூரில் இருந்த ஜாத் பாத் தோடக் மண்டல் தன் 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் எழுதினார். கூட்டமே நடக்கவில்லை. உரையைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1500 பிரதிகள், இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அதுதான் 'சாதி ஒழிப்பு'. இதில் ஒன்றைக் கவனிக்கணும். அவர் தன் எழுத்தில் கை வைக்கவே மாட்டேன் என்கிற ஆள் இல்லை. 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தையும் தன் பதிலையும் சேர்த்தார். இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் பழைய கட்டுரையையும் அதோடு இணைத்து எழுத நினைத்தார். மாற்றுகிற உரிமை யாருக்கு என்பதுதான் அங்கே சண்டை.

அப்படின்னா எதையும் தொடாமல் அச்சுக்கு அனுப்பிடலாமா? ஒரு பதிப்பாளர் நண்பர் அப்படித்தான் சொன்னார்: "பிழையோடயே போடுங்க, அதுதான் தலித் எழுத்து." எனக்கு இது இன்னொரு அவமானமாகப் படுகிறது. பெரிய வீட்டுப் பிள்ளை எழுதினால் ர, ற பிழையைச் சத்தமில்லாமல் திருத்துகிறோம். பெரியம்மாவின் பிழையை மட்டும் ஏன் காட்சிக்கு வைக்கணும்? 1992இல் 'கருக்கு' வந்தபோது அதன் பேச்சுமொழி பலரைத் திடுக்கிட வைத்தது. பாமா ஆசிரியையாக வேலை பார்த்தவர். இலக்கணம் தெரியாமல் அப்படி எழுதவில்லை, தெரிந்தே அந்த மொழியை எடுத்துக்கொண்டார். தெரியாமல் விழுந்த பிழையும் தெரிந்து வைத்த சொல்லும் ஒன்றில்லை. ரெண்டையும் பிரிக்கத் தெரிவதுதான் எடிட்டருக்கு வேண்டிய படிப்பு.

இப்போது நான் வேலை செய்கிற முறையைச் சொல்றேன். மூலப் பிரதியில் எழுதமாட்டேன், நகலில்தான் எழுதுவேன். எழுத்துப் பிழையைத் திருத்துவேன். சொல்லை மாற்ற வேண்டுமானால் ஓரத்தில் கேள்வியாக எழுதி, எழுதினவரைக் கேட்பேன். வரிசையை மாற்றுவதும் அப்படித்தான். அச்சுக்குப் போகுமுன் முழுப் புத்தகத்தையும் அவருக்குப் படித்துக் காட்டணும். படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் காதால் கேட்கணும், நம்ம ஆட்களுக்குக் காதில்தான் பிசகு தட்டும். புரியாத சொல்லுக்குப் பின்னால் பொருள் கொடுக்கலாம், சொல்லை எடுக்கக் கூடாது.

இன்னொன்று கூலி. இது நம்ம இயக்கங்களுக்கே சொல்றேன். தாளுக்குக் காசு உண்டு, அச்சகத்துக்கு உண்டு, பைண்டிங்குக்கு உண்டு. எழுதினவருக்கும் எடிட் பண்ணினவருக்கும் மட்டும் "நம்ம வேலைதானே தோழர்." நானும் இதைக் கேட்டுத் தலையாட்டினவன்தான். எனக்காவது மாசம் பிறந்தால் சம்பளம் வருது. இதையே நம்பி எடிட் பண்ணுகிற நம்ம பிள்ளைகள் என்ன செய்வாங்க? பெரியம்மாவுக்கு அப்புறம் நான் கேட்பதில்லை, எடுக்கிறேன். தொகையும் தேதியும் முதலிலேயே தாளில் எழுதி வாங்கிடறேன். எழுதினவருக்கு ராயல்டி எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கணும்.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அதற்கும் முன்னால் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். எதை அச்சிடுவது, எந்தச் சொல்லில் அச்சிடுவது என்று நம்மவர்களே தீர்மானித்த மேசைகள் அவை. நாம் புதுசாக எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

பெரியம்மாவின் புத்தகம் இன்னும் வரவில்லை. முதல் நோட்டைத் திரும்பவும் அவங்க சொல்லுக்குக் கொண்டுவந்துட்டேன். ரெண்டாவது நோட்டில் பாதி ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் படித்துக் காட்டுகிறேன். போன வாரம் நாலு இடத்தில் நிறுத்தினாங்க. அதில் ஒன்றை அவங்களே மாத்தச் சொன்னாங்க, மூணை நான் திரும்ப வைத்தேன்.

நான் சொன்னதில் தப்பிருந்தால் நீங்களும் நிறுத்துங்க. பேசலாம்.