அகதிகளுக்காக எழுப்பப்படாத சிலை



கோடை விடுமுறை தொடங்கினால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வானைப் பிடித்து, ரோல்சும் பற்றிசும் இடியப்பமும் கட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து நியூயோர்க் போய்வருவது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன விடயம். அந்தப் பயணத்தின் படம் ஏறத்தாழ எல்லா வீட்டு அல்பத்திலும் இருக்கும். முன்னே பிள்ளைகள், பின்னே தீப்பந்தம் ஏந்திய பச்சை நிறப் பெண். சுதந்திரதேவி சிலை. போரிலிருந்தும் பசியிலிருந்தும் தப்பி வந்தவர்களை வரவேற்பதற்காகவே அதைக் கட்டினார்கள் என்று பலர் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. உண்மையில் அந்தச் சிலை அகதிகளுக்காகக் கட்டப்படவில்லை. அது எப்படி அகதிகளின் சிலையாக ஆனது என்பதைத்தான் இன்று உங்களோடு கதைக்க விரும்புகிறேன்.

சிலை பிரான்சிலிருந்து வந்த பரிசு என்பது தெரிந்ததே. அந்த எண்ணத்துக்கு மூலகாரணமானவர் எடுவார்ட் லபூலே என்ற பிரெஞ்சுச் சட்டப் பேராசிரியர். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபோது அவர் பெரிதும் மகிழ்ந்தார். பிரான்சில் அப்போது மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி. அமெரிக்காவின் சுதந்திரத்தைப் புகழ்ந்து தன் நாட்டு அரசனுக்குச் சாடை காட்டும் நோக்கமும் அவருக்கு இருந்தது. சிலையின் இடது கையில் உள்ள பலகையில் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த 1776 யூலை 4 என்ற திகதி ரோம எண்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலடியில் அறுந்த சங்கிலி கிடக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்தச் சங்கிலி தெரியாது. சிலையின் முழுப் பெயர் 'உலகுக்கு ஒளியூட்டும் சுதந்திரம்'. அதாவது ஒளி அங்கிருந்து வெளியே உலகுக்குப் போகிறது. வெளியிலிருந்து வருபவர்களைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றுமில்லை.

சிலையை வடித்தவர் பிரெடெரிக் ஒகுஸ்ற் பார்த்தோல்டி. இவர் 1869இல் எகிப்துக்குப் போய், சுயஸ் கால்வாய் வாயிலில் விளக்கேந்திய எகிப்தியப் பெண்ணின் உருவில் ஒரு வெளிச்சவீடு கட்டலாம் என்று அங்கிருந்த ஆட்சியாளரிடம் கேட்டார். செலவு அதிகம் என்று அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரான்ஸ் தோற்றது. பார்த்தோல்டி பிறந்த கொல்மார் நகரம் அல்சாஸ் பகுதியில் இருக்கிறது. 1871இல் அல்சாஸ் ஜேர்மனியின் கைக்குப் போய்விட்டது. சொந்த ஊர் அந்நியன் ஆட்சிக்குக் கீழே. அந்த ஆண்டுதான் அவர் கப்பலேறி அமெரிக்கா வந்து, நியூயோர்க் துறைமுகத்துச் சிறு தீவொன்றைப் பார்த்து, இதுதான் இடம் என்று முடிவு செய்தார். பிறந்த ஊரை இழந்த மனிதனின் கையால்தான் இந்தச் சிலை உருவானது. பயண வழிகாட்டிகள் இதை ஏனோ பெரிதாகச் சொல்வதில்லை.

செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். இது வார்த்த சிலை அல்ல, தகடடித்த சிலை. கோயில் வாகனத்துக்கு வெள்ளித் தகடு அடித்துப் போர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் சாந்தில் சிறிய மாதிரி. அதை மடங்கு மடங்காகப் பெருப்பித்து, முழு அளவில் துண்டு துண்டாகச் சாந்து உருவங்கள். அவற்றின் மேல் மர அச்சுகள். அந்த அச்சுகளில் செம்புத் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து வளைத்தார்கள். தகட்டின் தடிப்பு 2.4 மில்லிமீற்றர்தான். இரண்டு சதக் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவ்வளவுதான் வரும். சிலை மட்டும் 46 மீற்றர் உயரம். பீடத்தோடு சேர்த்து 93 மீற்றர்.

இவ்வளவு மெல்லிய தோல் கடற்காற்றில் எப்படி நிற்கிறது? உள்ளே இருக்கும் இரும்புச் சட்டகம்தான் காரணம். அதை வடிவமைத்தவர் குஸ்தாவ் ஈபெல். பரிஸ் நகரக் கோபுரத்தை அவருடைய நிறுவனம் கட்டியது இதற்குப் பிறகுதான். நடுவே நான்கு கால் கொண்ட ஒரு தூண். அதிலிருந்து கிளைக்கும் சட்டங்கள். செம்புத் தகடுகளை அவர் சட்டகத்தோடு இறுக்கிப் பூட்டவில்லை. வெயிலில் செம்பு விரியும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் கொடுத்து, வில்போல் வளையும் இரும்புப் பட்டைகளில் தாங்கவிட்டார். பலத்த காற்றில் சிலை சில சென்ரிமீற்றர் ஆடும். ஆடுவதால்தான் முறியாமல் நிற்கிறது.

சிலைக்கான பணத்தைப் பிரெஞ்சு மக்கள் நன்கொடையாலும் லொத்தராலும் திரட்டினார்கள். பீடத்தைக் கட்டுவது அமெரிக்கர்களின் பொறுப்பு. அங்கேதான் இழுபறி. பணக்காரர்கள் கைவிரித்தார்கள். பீடத்துக்கு 50,000 டொலர் கொடுப்பதற்கான சட்டமூலத்தை நியூயோர்க் மாநில ஆளுநர் குரோவர் கிளீவ்லன்ட் 1884இல் நிராகரித்தார். 1885 யூன் மாதம் சிலை 350 துண்டுகளாக, 214 பெட்டிகளில் கப்பலில் வந்து இறங்கியது. நிற்க இடமில்லை. ஏறத்தாழ ஓராண்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

காப்பாற்றியவர் ஜோசப் புலிட்சர். ஹங்கேரியில் பிறந்த யூதர். 1864இல், 17 வயதில், ஆங்கிலம் சரியாகத் தெரியாமல், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஆள் சேர்த்தவர்களோடு கப்பலேறி வந்தவர். இப்போது 'வேர்ல்ட்' பத்திரிகையின் உரிமையாளர். பணக்காரர்கள் தராவிட்டால் போகட்டும், நீங்கள் தாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டார். எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் கொடுத்தவரின் பெயரைப் பத்திரிகையில் போடுவேன் என்றார். போட்டார். சிறுவர்கள் தங்கள் சில்லறையை அனுப்பினார்கள். ஐந்து மாதத்தில் ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களும் ஒரு இலட்சத்துக்கு மேல். பெரும்பாலானவர்கள் கொடுத்தது ஒரு டொலருக்கும் குறைவு. கோயில் திருவிழா உபயகாரர் பட்டியலும், எமது வானொலி நிதி சேகரிப்பில் ஐந்து டொலர் தந்தவரின் பெயரை வாசிப்பதும் உங்களுக்கு நினைவு வந்தால் அது தற்செயலல்ல. பெயர் சொன்னால் மனிதர் கொடுப்பார். புலிட்சருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. பத்திரிகையும் நன்றாக விற்றது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

1886 ஒக்ரோபர் 28ஆம் திகதி திறப்புவிழா. தலைமை தாங்கியவர் அப்போதைய ஜனாதிபதி. யார் தெரியுமா? முன்பு பணம் தர மறுத்த அதே கிளீவ்லன்ட். தீவில் நடந்த வைபவத்துக்கு அழைக்கப்பட்ட பெண்கள் ஓரிருவர்தான். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் ஒரு படகை வாடகைக்கு எடுத்துத் தீவைச் சுற்றி வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சுதந்திரத்துக்குப் பெண்ணுருவம் கொடுத்த நாட்டில் பெண்ணுக்கு வாக்கு இல்லை என்பது அவர்களுடைய கேள்வி. சீனர்களுக்கும் ஒரு கேள்வி இருந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின் பீடத்துக்கு நன்கொடை கேட்டு அவர்களிடமும் போனார்கள். சோம் சொங் போ என்ற சீனர் 1885இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எங்களுக்குக் கதவைப் பூட்டிவிட்டு, சுதந்திரத்தின் சிலைக்கு எங்களிடமே காசு கேட்பது அவமதிப்பல்லவா என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் அப்படி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

இனி எம்மா லாசரஸ் என்ற பெண்ணிடம் வருகிறேன். 1849இல் நியூயோர்க்கில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்த கவிஞர். 1881இல் ரஷ்யப் பேரரசில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. இந்தப் பகுதியை நான் வாசித்தபோது எனக்கு 1983 யூலைதான் கண்முன் வந்தது. உங்களுக்கும் வரும். தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் நியூயோர்க் வந்து சேர்ந்தார்கள். வோர்ட்ஸ் தீவில் அவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். லாசரஸ் அங்கே போனார், நேரில் பார்த்தார், அவர்களுக்காக எழுதினார், வேலை செய்தார். 1883இல் பீடத்துக்கு நிதி சேர்க்கும் கண்காட்சிக்கு ஒரு கவிதை கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார். அந்த அகதிகளை நினைத்துப் பாருங்கள், அவர்கள் கண்ணில் இந்தச் சிலை எப்படித் தெரியும் என்று நண்பி ஒருவர் சொன்ன பிறகே எழுதினார்.

'புதிய பேருருவம்' என்பது கவிதையின் தலைப்பு. வெறும் பதினான்கு வரி. பழைய கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் வெற்றியைக் கொண்டாட நின்ற ஆண் தெய்வச் சிலையை அவர் ஒதுக்கிவிட்டு, இங்கே வீடிழந்தவர்களை அழைக்கும் ஒரு தாயை நிறுத்துகிறார். சிலை அப்போது நியூயோர்க்குக்கு வந்துகூடச் சேரவில்லை. ஆனால் அதன் பொருள் அங்கே மாறிவிட்டது. லபூலேயின் சிலை வெளியே ஒளி வீசியது. லாசரசின் சிலை வாசலில் விளக்குப் பிடித்தது.

அந்தக் கவிதை உடனே மறக்கப்பட்டது என்பதுதான் சோகம். திறப்புவிழாவில் அதை யாரும் வாசிக்கவில்லை. 1887இல் 38 வயதில் லாசரஸ் நோயால் இறந்தார். அவருடைய நண்பி ஜோர்ஜினா ஸ்கைலர் எடுத்த முயற்சியால் 1903இல்தான் கவிதை வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டுப் பீடத்தின் உட்சுவரில் வைக்கப்பட்டது.

இதற்கிடையில் கவிதையை அறியாதவர்களே அதை உண்மையாக்கிக்கொண்டிருந்தார்கள். 1892இல் பக்கத்து எலிஸ் தீவில் குடிவரவு நிலையம் திறக்கப்பட்டது. 1954 வரை ஒரு கோடியே 20 இலட்சம் பேர் அதன் வழியாக வந்தார்கள். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். அடித்தட்டில் வந்த ஏழைகளைத்தான் தீவுக்குக் கொண்டுபோவார்கள். நோய் இருக்கலாம் என்று ஐயம் வந்தால் மருத்துவர் சட்டையில் வெண்கட்டியால் ஓர் எழுத்தைப் போடுவார். கண் இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள். பிறகு விசாரணை. கையில் எவ்வளவு காசு, யாரிடம் போகிறாய், வேலை ஏற்பாடு உண்டா? அகதி விசாரணை மண்டபத்தில் மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவருக்கும் அந்த வயிற்றுக் கலக்கத்தை விளக்கத் தேவையில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். ஆனால் அந்த இரண்டில் ஒருவராக இருந்தவருக்கு அது நூற்றுக்கு நூறு.

1924ஆம் ஆண்டை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஜனாதிபதி கூலிட்ஜ் ஒரு குடிவரவுச் சட்டத்தில் ஒப்பமிட்டார். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் வருகை பெரிதும் வெட்டப்பட்டது. ஆசியர்களுக்கு ஏறத்தாழ முழுத் தடை. அதே ஆண்டு ஒக்ரோபரில் அதே கூலிட்ஜ் இந்தச் சிலையைத் தேசிய நினைவுச் சின்னமாகப் பிரகடனம் செய்தார். அந்தச் சட்டத்தின் பலன் 1939இல் தெரிந்தது. ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து 937 பேரோடு புறப்பட்ட 'சென் லூயிஸ்' கப்பலில் அநேகமாக எல்லோரும் யூதர்கள். கியூபா பெரும்பாலானவர்களை இறங்க விடவில்லை. அமெரிக்கா மறுத்தது. நாம் வாழும் இந்தக் கனடாவும் மறுத்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் நாசிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்டார்கள். கனடா 2018 நவம்பரில்தான் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

சிலையும் தேய்ந்தது. இரும்பும் செம்பும் ஒட்டினால், உப்புக் காற்றில் இரும்பை அரித்துத் தின்னும். இதை அறிந்த ஈபெல் இரண்டுக்கும் நடுவே அரக்கில் தோய்த்த கல்நார் வைத்திருந்தார். நூறாண்டில் அது உக்கிப்போய்விட்டது. 1984 முதல் 1986 வரை பெரிய திருத்த வேலை நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பட்டைகளைக் கழற்றித் துருப்பிடிக்காத உருக்கில் புதிதாகச் செய்தார்கள். பழைய தீப்பந்தத்தை இறக்கி, பொன் தகடு போர்த்திய புதியதை ஏற்றினார்கள். 1986 யூலையில் ஜனாதிபதி ரேகன் விளக்கேற்ற, நூற்றாண்டு விழா வாணவேடிக்கையோடு நடந்தது.

அதே 1986 ஓகஸ்ட் மாதம், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட எம்மவர்களை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். பத்திரிகைகளில் கடும் வாதம் நடந்தது. அவர்களுக்குத் தங்க அனுமதி கிடைத்தது. அவர்களுக்கு முன்னும் பின்னும், நியூயோர்க் விமான நிலையத்தில் இறங்கி, பஃபலோ வழியாகக் கனடா எல்லைக்கு வந்தவர்கள் எங்களில் எத்தனையோ பேர். சிலைக்குச் சில மைல் தூரத்தில் இறங்கியும் அதைப் பார்க்காமலே வந்தவர்கள். 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான மூன்றாம் நாட்டு உடன்படிக்கையால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. 2023 மார்ச்சில் அது மேலும் இறுக்கப்பட்டது.

அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. படகுச் சீட்டு சிலைத் தீவு, எலிஸ் தீவு இரண்டுக்கும் சேர்த்தே வரும். பலர் சிலையோடு படம் எடுத்துவிட்டு, களைப்பில் எலிஸ் தீவில் இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள். காலை முதற் படகைப் பிடித்தால் இரண்டுக்கும் நேரம் போதும். பீடத்துக்குள் போவதற்குத் தனி அனுமதி வேண்டும். முன்கூட்டியே பதிய வேண்டும். பழைய தீப்பந்தம் 2019இல் சிலைத் தீவில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலிஸ் தீவில், பதிவு மண்டபத்துக்கு மேலே ஏறும் படிகளில் கொஞ்சம் நில்லுங்கள். ஏறி வருபவர்களில் யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார்கள் என்று மருத்துவர்கள் மேலே நின்று பார்த்தது அங்கேதான். அப்பம்மா, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த இடத்தில் அவர்களைக் கொஞ்சம் பேச விடுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.