யோசிக்கும் யந்திரம் யார் சொத்து?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யந்திரம் படம் பார்த்து அடையாளம் சொல்கிறது, கடிதம் எழுதுகிறது என்று எங்கும் பேச்சாக இருக்கிறது. முதலாளிகள் இதைச் சொல்லும்போது அதில் ஒரு மிரட்டலும் இருக்கிறது: “கூலி உயர்வு கேட்காதே, உன் இடத்தில் யந்திரத்தை வைத்துவிடுவோம்!” நம்மில் சிலர் பயப்படுகிறார்கள். வேறு சிலர், இது யாரோ ஒரு கோடீஸ்வரனின் மூளையில் உதித்த அற்புதம் என்று நம்புகிறார்கள். இரண்டும் சரியல்ல. இந்த யந்திரம் யாருடைய உழைப்பில் பிறந்தது என்று முதலில் பார்ப்போம்.

தறியிலிருந்து தொடங்குவோம். பட்டு நெய்கிறவர்களுக்கு ஜக்கார்டு பெட்டி தெரியும். பிரான்ஸ் நாட்டில் லியான் நகரத்து ஜக்கார்டு 1804-ல் அமைத்த தறி அது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் நூல் அப்படியே கிடக்கும். ஆம், இல்லை என்ற இரண்டே சொல்லில் பூவும் மயிலும் துணியில் வந்துவிடும். 1830-களில் இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணித அறிஞர் ஒரு கணக்கு யந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அதற்குக் கட்டளையிட இந்தத் தறி அட்டையையே எடுத்துக்கொண்டார். ஆகவே கம்ப்யூட்டரின் வம்சத்தில் நெசவாளியின் தறியும் உண்டு.

அந்தத் தறி வந்த புதிதில் லியான் நெசவாளர்கள் அதை எதிர்த்தார்கள். ஆனால் 1831-ல் அவர்கள் கேட்டது தறியை உடைப்பதை அல்ல, நியாயமான கூலி விகிதத்தை. விகிதம் ஒப்புக்கொள்ளப்பட்டது. முதலாளிகளில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்தனர். நவம்பரில் நெசவாளர்கள் எழுந்தனர். சில நாள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. பிறகு சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. கூலி விகிதமும் ரத்தாயிற்று.

இனி மூளைக்கு வருவோம். நம் நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது? இங்கிலாந்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் கணவாய் மீனின் தடித்த நரம்பை எடுத்துச் சோதித்தார்கள். சோடியமும் பொட்டாசியமும் நரம்பின் சுவரைத் தாண்டி உள்ளும் புறமும் பாய்வதால்தான் மின் துடிப்பு உண்டாகிறது என்று 1952-ல் நிரூபித்தார்கள். அதற்கு முன்பே, 1943-ல், அமெரிக்காவில் மெக்கல்லக் என்ற மருத்துவரும், தானே படித்துத் தேறிய பிட்ஸ் என்ற 20 வயது இளைஞரும் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார்கள். நரம்பணு துடிக்கும் அல்லது துடிக்காது. ஆம், இல்லை என்ற இந்த இரண்டைக் கோத்தே தர்க்கக் கணக்குகளைச் செய்துவிடலாம் என்றார்கள். தறி அட்டையில் பார்த்த அதே இரண்டு சொல்தான்!

1958-ல் ரோசன்பிளாட் என்பவர் இந்தக் கருத்தைக் கொண்டு, பழகக்கூடிய யந்திரத்துக்கு வழி சொன்னார். விடை தப்பானால் இணைப்புகளின் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் திருத்துவது அதன் முறை. செலவுக்குப் பணம் அமெரிக்கக் கடற்படையிலிருந்து, அதாவது ஜனங்களின் வரியிலிருந்து வந்தது. 1959-ல் ஹியூபல், வீசல் என்ற இருவர் பூனையின் மூளையை ஆராய்ந்து, கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத் துடிக்கும் அணுக்கள் உண்டு என்று வெளியிட்டார்கள். அதைப் பின்பற்றி, ஜப்பானின் பொது ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிச் சாலையில் ஃபுகுஷிமா 1980-ல் எழுத்தை அடையாளம் காணும் அமைப்பைச் செய்தார்.

யந்திரம் பழக வேண்டுமானால் படங்கள் வேண்டும். இது பூனை, இது வண்டி என்று ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரிட வேண்டும். 2009-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ‘இமேஜ்நெட்’ தொகுப்பு இப்படி வளர்ந்து 1 கோடி 40 லட்சம் படங்களை எட்டியது. பெயரிட்டவர்கள் 150-க்கு மேற்பட்ட நாடுகளில், வீட்டிலிருந்தே துண்டுக்கூலிக்கு வேலை பார்த்த ஏறக்குறைய 50 ஆயிரம் பேர். வேலையைப் பங்கிட்டுத் தந்தது அமேசான் கம்பெனியின் ‘மெக்கானிக்கல் டர்க்’ என்ற ஏற்பாடு. அதில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேருக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. லியான் நெசவாளியின் துண்டுக்கூலிச் சண்டை முடிந்துவிட்டதா, தோழர்களே?

2012-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிண்டனும் அவருடைய மாணவர் இருவரும் இந்தப் படங்களைக் கொண்டு நடந்த போட்டியில் மற்ற எல்லோரையும் வெகுதூரம் முந்தினார்கள். அவர்களுடைய ஆராய்ச்சிக்கும் பொதுப்பணம் உதவியிருந்தது. மறு வருஷம், 2013-ல், அவர்கள் தொடங்கிய சிறு கம்பெனியைக் கூகுள் விலைக்கு வாங்கிவிட்டது.

வயல்வேலை செய்யும் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. உழுதவன் ஒருவன், நட்டவள் ஒருத்தி, அறுத்துக் கட்டுச் சுமந்தவர் பலர். களத்தில் அளந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிறவன் வேறொருவன். விஞ்ஞானிகளை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் கண்டதை ஏடுகளில் எழுதி உலகத்துக்குக் கொடுத்தார்கள். வேலி போட்டது லாபம்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? யந்திரத்தை உடைப்பதா? கூடாது. முதுகை ஒடிக்கும் வேலையை யந்திரம் செய்யட்டும். அதனால் மிச்சமாகும் நேரம் நமக்கு வர வேண்டும். ஒருவர் பார்த்த தறிகளை இரட்டிப்பாக்கி, பக்கத்துத் தோழரை வெளியே தள்ளுவது முன்னேற்றம் ஆகாது.

போராடினால் கிடைக்குமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் சினிமா, டெலிவிஷன் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யந்திரம் எழுதியதைக் காட்டி எழுத்தாளனின் கூலியையும் பெயரையும் பறிக்க முடியாதபடி ஒப்பந்தத்திலேயே ஷரத்து வாங்கினார்கள். ஒற்றுமையான சங்கம் அதைச் சாதித்தது.

ஆகவே புதிய யந்திரம் வாசலுக்கு வரும்போது நாம் கலைந்து ஓட வேண்டாம். அண்ணாந்து பார்த்து நிற்கவும் வேண்டாம். சங்கத்தைக் கலக்காமல் அதை இறக்கக் கூடாது. ஆள் குறைப்புக் கூடாது. வேலை நேரம் குறைய வேண்டும், கூலி குறையக் கூடாது. பொதுப்பணத்தில் விளைந்த ஆராய்ச்சி பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று கேட்போம். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. அந்த யந்திரத்தில் உழைக்கும் மக்களின் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைக் கேட்கிறோம்.