சிறிய நாட்டிற் காடு தேடி



வன்னியிலே பிறந்தவர்க்குக் காட்டைத் தேடிப் போகவேண்டிய தேவை நேர்வதில்லை. காடே அவர்தம் வேலியோரம் வந்து நிற்கும். ஆனால், பரப்பில் நமது யாழ்ப்பாண மாவட்டத்திலும் சிறியதாய், ஏறக்குறைய 60 இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் ஒரு நாட்டிலே காடு எஞ்சியிருக்குமா? சிங்கப்பூருக்குச் சென்று மீளும் நம்மவருட் பெரும்பாலோர் கடைத்தெருக்களைப் பற்றியே பேசுவர். அங்கே மழைக்காடு ஒன்று உண்டென்றும், பஸ் வண்டியில் ஏறி அதன் அண்மையிலேயே இறங்கலாமென்றும் சொன்னால் நம்பத் தயங்குவர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு தயங்கியவனே.

அக்காடு நிற்கும் குன்றுக்குப் புக்கித் தீமா என்று பெயர். புக்கித் என்ற மலாய்ச் சொல்லுக்குக் குன்று என்பது பொருள். உயரம் 163 மீற்றர்; அந்நாட்டில் அதைவிட உயர்ந்த குன்று வேறில்லை. பீதுருதலாகலையைக் கண்ட கண்ணுக்கு அது ஒரு மேடாகவே தோன்றும். உச்சிக்குச் செல்லும் தார் வீதியிலே காலைவேளையில் வியர்வை சிந்த ஏறியிறங்குவோர் பலர். அவர்களோடு சேர்ந்து ஏறினால் உடற்பயிற்சி கிடைக்கும், காடு கிடையாது. வீதியை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கவேண்டும். இறங்கிய சிறிது நேரத்தில் வெயில் மறைகிறது. சில்வண்டுகளின் ஓசை காதை அடைக்கிறது. கிளையின்றி நெடிதுயர்ந்த மரங்கள் தலைக்குமேலே கூரையிடுகின்றன. ஆயினும், சற்று நின்று கவனித்தால், அந்த ஓசைக்கு அப்பால் நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும். அவ்விரைச்சலை மறந்துவிடலாகாது, அதனிடம் பின்னர் வருவோம்.

இயற்கை ஆராய்ச்சியாளர் அல்பிரெட் றசல் வாலஸ் 1854ஆம் ஆண்டில் இக்குன்றின் அடிவாரத்திலே தங்கியிருந்தார். ஏறத்தாழ இரண்டே மாதங்களில் அவர் திரட்டிய வண்டு வகைகள் 700. அக்காலத்தில் அங்கே புலிகளும் இருந்தன. புலி பிடிப்பதற்கென வெட்டி, இலைகுழை பரப்பி மறைத்த குழிகளில் தாமே விழுந்துவிடக்கூடும் என்று அவர் அஞ்சியதுண்டு. ஆனால், காட்டை அழித்தது புலிக்குழி வெட்டியவரல்லர். கம்பியர்ச் செடி பயிரிட்டவரே. கம்பியர் இலையைக் காய்ச்சிச் சாயப்பொருள் எடுப்பதற்குப் பெருந்தொகையான விறகு வேண்டியிருந்தது. ஆகவே தோட்டத்துக்கு ஒரு காடும், அதன் அடுப்புக்கு இன்னொரு காடுமாக அழிந்தன. சில ஆண்டுகளில் மண் சாரமிழக்க, தோட்டக்காரர் வேறிடம் பெயர்ந்தனர். பின்னே லாலாங் புல் மண்டிற்று. 1880களில் அரசாங்கம் விழித்துக்கொண்டு புக்கித் தீமாவை ஒதுக்குக்காடாக்கிய போது, மிஞ்சியிருந்தது சொற்பமே.

அதன் கிழக்கே பரந்து கிடக்கும் பெரிய காட்டைக் காத்தது மரத்தின்மீது கொண்ட அன்பு என்று சொல்வதற்கில்லை. குடிநீரே காத்தது. 1860களில் நகரத்துக்கு நீர் வழங்க அமைத்து, பிற்காலத்தில் மக்ரிச்சி என்று பெயரிடப்பெற்ற நீர்த்தேக்கமும், அடுத்து எழுந்த தேக்கங்களும் தூய நீரைப் பெறுவதற்காகச் சூழவுள்ள நிலத்தில் எவரையும் குடியேற விடவில்லை. கைவிடப்பட்ட தோட்டங்களிலே மீண்டும் மரம் முளைத்தது. இன்று மக்ரிச்சியைச் சுற்றி 11 கிலோமீற்றர் வரையில் நடக்கலாம். வழியிலே, 2004இல் திறக்கப்பெற்ற 250 மீற்றர் நீளத் தொங்குபாலம் மரங்களின் தலைக்கு மேலாக நம்மைக் கொண்டு செல்கிறது. அதில் ஒரு திசையில் மட்டுமே செல்ல அனுமதி. சன நெரிசல் மிகுந்த நாட்டிலே காட்டுக்குள்ளும் ஒருவழிப் போக்குவரத்து இருப்பதில் வியப்பில்லை.

இனி அந்த இரைச்சலுக்கு வருவோம். 1986இல் முடிவுற்ற நெடுஞ்சாலையொன்று புக்கித் தீமாவையும் நீர்த்தேக்கக் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. வாகனத்தில் விரைவோருக்கு அது ஒரு சிறு தூரம்; மரத்தைவிட்டு இறங்கத் தயங்கும் குரங்குக்கோ கடக்கவொண்ணாக் கடல். கரிய உடலும் அடிவயிற்றில் வெண்ணிறமும் கொண்ட இலைதின்னிக் குரங்கினம் ஒன்று அங்கே உண்டு. புக்கித் தீமாவில் அவ்வினத்தின் கடைசிக் குரங்கை 1987இல் நாய்கள் கடித்துக் கொன்றன. நீர்த்தேக்கக் காட்டுப் பக்கத்தில் அவ்வினம் இன்னும் உயிர்வாழ்கிறது. ஆயின், நாடு முழுவதிலும் எண்ணினாலும் நூற்றுக்குக் குறைவே. 2013இல் நெடுஞ்சாலைக்கு மேலாக 62 மீற்றர் நீளத்துக்குப் பாலம் கட்டி, மண் நிரப்பி, மரம் நட்டார்கள். அப்பாலம் விலங்குகளுக்கு மட்டுமே உரியது. ஏன் நமக்கும் வழிவிடலாகாது என்று நான் முதலில் முணுமுணுத்ததுண்டு. அக்குரங்கின் கதையைக் கேட்டபின் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

நம்முடைய பாதங்களும் காட்டை அழிக்க வல்லவை. நடப்போர் தொகை பெருகி, பாதைகள் அகன்று, சரிவுகளில் மண் அரிப்புண்டமையால், 2014இல் புக்கித் தீமாவின் பெரும்பகுதியை மூடித் திருத்தவேண்டி வந்தது. 2016இல் முழுமையாகத் திறந்தபோது, சில இடங்களிலே மண்ணைத் தொடாதவாறு நடைமேடைகள் எழுந்திருந்தன. அவற்றில் நடப்பது காட்டு நடையாகுமா என்று கேட்போர் உளர். ஒன்றரைச் சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட காட்டிலே அக்கேள்வி சற்று ஆடம்பரமானது என்பது என் எண்ணம். அண்மைக்காலத்து வழக்கு வேறொன்று. நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையைக் காட்டுக்கு அடியாற் கொண்டு செல்வதா, சுற்றிக் கொண்டு போவதா என்று பல ஆண்டுகள் விவாதித்தார்கள். இயற்கை ஆர்வலர் சுற்றுவழியை வேண்டினர். 2019 டிசெம்பரில், நிலத்திலிருந்து 70 மீற்றர் ஆழத்தில் நேர்வழியே செல்வதென அரசாங்கம் முடிவு செய்தது.

நிலத்தின்மேல் ஓடிய பழைய புகையிரதப் பாதையோ நடைபாதையாகிவிட்டது. தஞ்சோங் பகாரிலிருந்து மலாயாவுக்குச் சென்ற வண்டிகள் 2011 ஜூன் 30ஆம் திகதியுடன் நின்றன. 24 கிலோமீற்றர் நீளமான அத்தடத்திலே இன்று மக்கள் காலாற நடக்கின்றனர். நம் பாட்டன்மார் பலர் நிலைய அதிபராகவும் எழுதுவினைஞராகவும் மலாயாப் புகையிரதப் பகுதியிலே உழைத்து, ஊர் திரும்பி, ‘மலாயன் பென்சனியர்’ என்று மதிப்போடு வாழ்ந்தவர்கள். அவர்களுடைய வண்டிகள் ஓடிய தடத்தின் இருமருங்கிலும் இப்பொழுது செடிகொடிகள் தழைத்திருக்கின்றன. புக்கித் தீமா வீதிக்கு மேலே இரும்புப் பாலமும் அதன் தண்டவாளமும் அப்படியே இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுதில் அதன்மேல் நின்றேன். கீழே வாகனங்கள் வரிசையாய் விரைந்தன. தண்டவாளத்தின்மேல் நடை பயின்ற குழந்தையொன்று, இந்த வண்டி எப்பொழுது வரும் என்று தன் தாயைக் கேட்டுக்கொண்டிருந்தது.