முதல் மாசச் சம்பளச் சீட்டு



2022 நவம்பரில் எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினாங்க. வாலிகண்டபுரத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்துலயே வேலைன்னு சந்தோஷப்பட்டோம்.

என் மகளும் பன்னிரண்டாவது முடிச்சு ஒரு கம்பெனியில் சேர்ந்தா. நாள் பூரா நின்னு கால் வீங்கி வருவா. பத்தாயிரம் சம்பளம்னாங்க; கைக்கு வந்தது 8,725. "மீதி எங்கடி? நாளையிலிருந்து போக வேணாம்"னுட்டேன்.

நம்ம குழுக் கணக்கு எழுதுற தங்கச்சிதான் சீட்டை வாங்கிப் படிச்சது. பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 75. கம்பெனியும் தன் பங்குக்கு பிஎஃப், பென்ஷன்னு 1,200, இஎஸ்ஐக்கு 325 கட்டணுமாம். கம்பெனி மாறினாலும் யுஏஎன் எண் ஒண்ணுதான். இஎஸ்ஐ-யில் அவளை நம்பியிருக்கிற பெத்தவங்களுக்கும் வைத்தியம் உண்டு. நாளைக்குப் பிள்ளைப்பேறுன்னா, 70 நாள் சந்தா கட்டியிருந்தா, 26 வாரம் சம்பளத்தோட லீவு. அவ அப்பா ஆபரேஷனுக்குக் குழுவில் கடன் வாங்கினவ நான். எனக்குத் தெரியாதா இதோட அருமை!

ஆனா சீட்டில் பிடிச்சா மட்டும் போதாது, கணக்கில் ஏறணும். போன வாரம் மக செல்லுல பாஸ்புக்கைத் திறந்து பார்த்தா. ஒரு மாசத் தொகை ஏறல. திங்கக்கிழமை ஆபீசுல கேக்கப் போறா.