ஒன்றுக்கு எத்தனை?
விகிதக் கணக்கு பற்றிய ஒரு பேச்சு

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதின் எழுத்து வடிவம்)



பகல் முழுக்க மலையில் நின்றுவிட்டு, அடுப்புக்கும் விறகு வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். ஆறாம் ஆண்டு, ஏழாம் ஆண்டு படிக்கிற பிள்ளைகளின் கணிதப் புத்தகத்தில் "விகிதம்" என்று ஒரு பாடம் இருக்கிறது. வீட்டில் யாரிடமாவது சொல்லிக் கேட்டாயா என்று பிள்ளைகளிடம் விசாரித்தால், "அம்மாவுக்கு அது தெரியாதுங்க" என்கிறார்கள். அம்மாமாரும், "நாங்க என்னத்தைப் படிச்சோம், எங்களுக்கு அதெல்லாம் எங்கே விளங்கப்போகுது" என்கிறார்கள். இதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். விகிதம் தெரியாத பொம்பளை சோறு ஆக்க முடியாது.

ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டு தண்ணீர் வைக்கிறீர்கள். அரிசியைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அதை விடுவோம். இதைத்தான் புத்தகத்தில் 1 : 2 என்று எழுதியிருக்கிறது. நடுவில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. "ஒன்றுக்கு இரண்டு" என்று வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் விகிதம்.

எழுதும்போது இரண்டு விசயம் கவனம். முதலாவது, வரிசை. அரிசிக்கும் தண்ணீருக்கும் 1 : 2 என்றால், தண்ணீருக்கும் அரிசிக்கும் 2 : 1. மாற்றி எழுதினால் சோறு தீய்ந்து போகும். இரண்டாவது, அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 500 கிராமுக்கும் 2 கிலோவுக்கும் விகிதம் கேட்டால் 500 : 2 என்று எழுதக்கூடாது. கிலோவைக் கிராமாக்கி 500 : 2000 என்று எழுதி, இரண்டு பக்கத்தையும் 500 ஆல் பிரித்தால் 1 : 4. இது எளிய வடிவம்.

விருந்தாளி வந்து மூன்று சுண்டு அரிசி போட்டால் தண்ணீர் எத்தனை? ஆறு. இரண்டு பக்கத்தையும் மூன்றால் பெருக்கினோம். 1 : 2, 2 : 4, 3 : 6 எல்லாம் ஒரே விகிதம். சமவலு விகிதங்கள் என்று வாத்தியார் சொல்வார். பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் இங்கேதான். அரிசி இரண்டு சுண்டு கூடியது, அதனால் தண்ணீரையும் இரண்டு கூட்டுவோம் என்று 3 : 4 எழுதிவிடுகிறார்கள். மூன்று சுண்டு அரிசிக்கு நாலு சுண்டு தண்ணீர் வைத்தால் என்ன ஆகும் என்று பிள்ளையை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதுவே சொல்லிவிடும். விகிதத்தில் பெருக்கலாம், பிரிக்கலாம். கூட்டவோ கழிக்கவோ கூடாது.

இனி மலைக்குப் போவோம். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை வாட்டி, அரைத்து, காயவைத்து எடுக்கும்போது, சுமாராக நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. நாலரைக்கு ஒன்று என்று அரையை வைத்துக்கொண்டு எழுதாமல் இரண்டு பக்கத்தையும் இரட்டிப்பாக்கினால் 9 : 2. ஒருத்தர் 18 கிலோ எடுத்தால் தூள் எவ்வளவு? 18 க்குள் 9 இரண்டு தடவை. அப்படியானால் 2 ஐ இரண்டால் பெருக்கி 4 கிலோ. மழை நாளில் இலை மேலே தண்ணீர் ஒட்டிக்கொண்டு வருவதால் இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும்.

அந்தத் தண்ணீருக்கும், சாக்குக்கும் என்று தராசில் கழிக்கிறார்களே, அதைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் எங்களைச் சும்மா விடமாட்டீர்கள். கழிப்பது சரியா பிழையா என்பது தொழிற்சங்கமும் நிர்வாகமும் பேச வேண்டியது. கணக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம். எல்லோருக்கும் ஒரேயடியாக 2 கிலோ கழித்தால், 20 கிலோ எடுத்தவருக்கு 2 : 20, அதாவது 1 : 10. பத்தில் ஒரு பங்கு போகிறது. வயசான அம்மா ஒருவர் 10 கிலோ எடுத்திருந்தால் 2 : 10, அதாவது 1 : 5. அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கழிப்பது ஒரே 2 கிலோதான், ஆனால் அடி ஒன்றல்ல. சாக்கின் நிறை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். ஈரத்துக்குக் கழிப்பதை மட்டும் கொழுந்தின் நிறைக்கு ஏற்ற விகிதத்தில் கழிப்பதே நியாயம் என்பது எங்கள் அபிப்பிராயம். கூட்டத்தில் பேசும்போது "எங்களுக்கு அநியாயம்" என்று மட்டும் சொல்வதைவிட, 1 : 10, 1 : 5 என்று எழுதிக் காட்டினால் பேச்சுக்குப் பலம் வரும்.

அடுத்தது சம்பளச் சீட்டு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள். தோட்டம் தன் கையிலிருந்து நூற்றுக்கு 12 போட வேண்டும். 8 : 12 ஐ நாலால் பிரித்தால் 2 : 3. நீங்கள் 2 ரூபா போட்டால் அவர்கள் 3 ரூபா போட வேண்டும், மொத்தம் 5 ரூபா. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கணக்குக்கு, சேமலாப நிதிக்கு எடுக்கிற சம்பளம் 30,000 ரூபா என்று வைப்போம். உங்களிடம் பிடிப்பது 2,400. தோட்டம் போடுவது 3,600. அந்த மாதத்துக்கு உங்கள் பேரில் 6,000 ரூபா ஏற வேண்டும். சீட்டில் 2,400 பிடித்திருக்க, மத்திய வங்கிக் கணக்குக் கூற்றில் 4,800 தான் ஏறியிருந்தால் விகிதம் 1 : 1 ஆகிவிட்டது, எங்கேயோ கோளாறு. முதலில் ஆபீசில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களக் காரியாலயத்துக்குப் போகலாம். இதைவிட, 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதி நூற்றுக்கு 3. அது முழுக்கத் தோட்டத்தின் பணம், உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கக்கூடாது.

கொந்தரப்பு வேலையைப் பிரிக்கிற சண்டை இன்னொன்று. மூன்று பேர் 5 நாள், 4 நாள், 3 நாள் வேலை செய்து 24,000 ரூபா கிடைத்தது. ஆளுக்கு எட்டாயிரம் என்று பிரித்தால் ஐந்து நாள் செய்தவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார். 5 : 4 : 3, கூட்டினால் 12 பங்கு. ஒரு பங்கு 2,000. அப்படியானால் 10,000, 8,000, 6,000. விகிதத்தில் பங்குகளைக் கூட்டுவது இப்படிப் பிரித்துக் கொடுக்கும்போது மட்டும்தான்.

கடைசியாக உள்ளது எல்லாவற்றையும் விட முக்கியம். தூங்குகிறவர்களைக் கொஞ்சம் தட்டி எழுப்புங்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கொடுக்கிறோம். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், 1 : 1. லயத்தில் என்ன நடக்கிறது என்றால், கைக்குக் கிடைத்த போத்தலில் கரைக்கிறோம். சாராயப் போத்தல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று பேச இன்றைக்கு நாங்கள் வரவில்லை. ஆனால் அந்த முழுப் போத்தல் 750 மில்லி லீற்றர், ஒரு லீற்றர் இல்லை. ஒரு பைக்கற்றை அதில் கரைத்தால், மூன்று லீற்றர் தண்ணீருக்கு நாலு பைக்கற் போட்ட மாதிரி. உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகிறது. பச்சைக் குழந்தைக்கு உப்புக் கூடுவது ஆபத்து. குறைந்த போத்தலில் கரைத்தால் நல்லாக் கடுமையா இருக்கும், சீக்கிரம் நிற்கும் என்று நினைப்பது பிழை. தண்ணீரைக் கூட்டி ஒன்றரை லீற்றரில் கரைத்தால் மருந்து காணாது. சிறு கோப்பையில் குத்துமதிப்பாகப் பாதித் தூளைக் கொட்டுவதும் வேண்டாம், பாதி எது என்று கண்ணுக்குத் தெரியாது. முழுப் பைக்கற்றையும் முழு லீற்றரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

பைக்கற் இல்லாத இரவில், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்குத் தட்டையாக வழித்த 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் இரட்டிப்பாக்கிப் பாருங்கள், 12 : 1. சீனி பன்னிரண்டு, உப்பு ஒன்று. முதலில் வரிசை கவனம் என்று சொன்னோமே, இங்கே சீனிக்கும் உப்புக்கும் அளவு மாறினால் உயிருக்கே மோசம். பிள்ளை சோர்ந்து விழுந்தால், குடித்ததெல்லாம் வாந்தி எடுத்தால், மலத்தோடு இரத்தம் போனால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

லீற்றர் அளவு தெரியாதவர்கள் நாளைக்குப் பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு போத்தல் கொண்டு வாருங்கள். அளந்து, எந்த இடத்தில் லீற்றர் நிற்கிறதோ அங்கே கோடு போட்டுத் தருகிறோம். சம்பளச் சீட்டும் கணக்குக் கூற்றும் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வந்தால் கூட இருந்து பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. சீமெந்தும் மணலும் 1 : 5 என்று சாந்து கலக்க வேண்டும். உலர்ந்த கலவை மொத்தம் 18 வாளி தேவை. சீமெந்து எத்தனை வாளி, மணல் எத்தனை வாளி? அப்பா அம்மாவோடு உட்கார்ந்து செய்யுங்கள். விடையைச் சனிக்கிழமை பிள்ளைக் காம்பராப் பலகையில் எழுதி வைப்போம்.