இரத்தப் பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழை

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)

 

சாலை, கிணறு, விதை, கடன் ஆகியவற்றைப் பற்றியே இம்மேடையில் பேசுவது என் வழக்கம். இன்று இரத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அண்மையில் ஒரு மலைக்கிராமத்தில் அரிவாள் செல் இரத்தசோகைக்கான பரிசோதனையைப் பற்றி எடுத்துக் கூறினேன். பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இரத்தத்தில் குற்றம் என்று எழுதிவிட்டால் எங்கள் பெண்ணை எவன் கட்டுவான்?" என்று கேட்டார். அன்று நான் கூறிய விடை அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. இன்று முறையாக விடை கூற முயல்கிறேன்.

கொல்லன் உலையில் காய்ச்சும் இரும்பு ஒன்றே. அதனைக் கொழுவாக அடித்தால் உழுகிறது. அரிவாளாக வளைத்தால் அறுக்கிறது. தொழிலைத் தீர்மானிப்பது வடிவம். நம் உடலில் வேலை செய்யும் கருவிகளான புரதங்களுக்கும் இதுவே விதி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் இருபது வகை மணிகளைக் கோத்த சங்கிலியாகும். மணிகளின் வரிசைக்கேற்பச் சங்கிலி மடிந்து ஒரு வடிவம் பெறுகிறது. அச்சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பக்கூடும், எவற்றில் திரும்ப இயலாது என்பதைக் கணக்கிட்டு வரைந்து காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட அவ்வரைபடத்தை உலக விஞ்ஞானிகள் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றனர்.

மணிகளை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்று சொல்வது யார்? ஒவ்வோர் ஊராட்சியிலும் மூலப் பதிவேடு இருப்பதுபோல், உடலிலும் டி.என்.ஏ. என்னும் நியூக்ளிக் அமிலம் இருக்கிறது. அது இரண்டு இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. அதில் உள்ள எழுத்துகள் நான்கே. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு மணிக்குரிய கட்டளை. ஓர் இழையின் எழுத்துக்கு இன்ன எழுத்துதான் எதிரே நிற்கும் என்ற ஒழுங்கு இருப்பதால், ஓர் இழையைக் கொண்டே மற்றதை எழுதிவிடலாம். படி எடுக்கும் வேலைக்கு ஏற்றது அதன் அமைப்பே.

மூலத்தில் ஓர் எண் பிசகினால், நகல்கள் யாவும் அதே பிசகோடு வரும் என்பதைப் பட்டா விவகாரங்களில் தாங்கள் கண்டிருப்பீர்கள். அரிவாள் செல் சோகையில் நடப்பதும் அதுவே.

நம் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் புரதம் ஹீமோகுளோபின். அதில் நான்கு சங்கிலிகள் உண்டு. அவற்றுள் பீட்டா எனப்படும் சங்கிலி 146 மணிகள் கொண்டது. அதன் ஆறாவது மணி குளுடாமிக் அமிலம். அதற்குரிய மூன்றெழுத்தில் நடுவெழுத்து மாறிவிட்டால், அவ்விடத்தில் வேலின் என்ற மணி வந்து அமர்கிறது. குளுடாமிக் அமிலம் நீரோடு ஒட்டி நிற்பது; வேலின் நீரை விலக்குவது. ஆகவே பிராணவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகின்றன. உருண்டைத் தட்டுப் போன்ற சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைக்கிறது. நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு, 10 முதல் 20 நாளில் அழிகிறது. எலும்பிலும் மூட்டிலும் பொறுக்கவொண்ணா வலி, குழந்தைகளுக்குக் கைகால் வீக்கம், கண்ணில் மஞ்சள், ஓயாத சோர்வு எல்லாம் ஓர் எழுத்தின் விளைவே.

1949இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங் குழுவினர் இந்நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபினின் மாறுபாடே என்று காட்டினர். 1956இல் இங்கிலாந்தில் வெர்னான் இங்ராம் அம்மாறுபாடு இருக்குமிடத்தைக் கண்டார். இதற்கிடையே 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நம் நீலகிரி மலைமக்களின் இரத்தத்தில் அரிவாள் அணு இருப்பதை வெளியிட்டனர். ஆகவே இது எங்கோ இருக்கும் நோயன்று.

இனி பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொருவரிடமும் இப்பதிவேடு இரண்டு உண்டு. தந்தை தந்தது ஒன்று, தாய் தந்தது ஒன்று. ஒன்றில் மட்டும் பிழையிருந்தால், மற்றது சரியான நகல்களைத் தருகிறது. அவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். அதுமட்டுமன்று. ஒற்றைப் பிழை உடையோருக்குக் கடும் மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. மலைக்காய்ச்சல் மிகுந்த பகுதிகளில் முன்னோரைக் காத்த கேடயம் அது. அதில் குற்றமோ சாபமோ யாதும் இல்லை.

ஒற்றைப் பிழையுடைய ஆணும் அத்தகைய பெண்ணும் மணந்தால் கவனம் வேண்டும். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இருவரில் ஒருவருக்குப் பிழையே இல்லையெனில், குழந்தைக்கு இந்நோய் வராது. எனவே பரிசோதனை பெண்ணின் திருமணத்தைத் தடுப்பதன்று. பொருத்தம் பார்க்க உதவுவது. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணக்கும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு அதிகமாதலால், இப்பரிசோதனை மிக அவசியம். பெண்ணை மட்டும் சோதிப்பது நியாயமும் அன்று, பயனும் அன்று.

2023 ஜூலை 1ஆம் நாள் மத்திய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது இதன் நோக்கம். சில துளி இரத்தம் போதும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, கிராம சபையில் இச்செய்தியை விளக்குங்கள். ஆனால் எவருடைய முடிவையும் சபையில் கூறாதீர்கள். அஃது அவருடைய சொந்த விஷயம். இரண்டாவது, எல்லாச் சோகையும் ஒன்றல்ல. இரும்புச் சத்துக் குறைந்த சோகை கீரையாலும் கேழ்வரகாலும் மாத்திரையாலும் தேறும். இது அவற்றால் தேறாது. மருத்துவரே பிரித்தறிய வேண்டும். மூன்றாவது, நோயுற்றவர் நிறையத் தண்ணீர் அருந்தவும், குளிரில் நனையாதிருக்கவும், காய்ச்சல் கண்டவுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்லவும் துணை நில்லுங்கள். ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து வலியைப் பெரிதும் குறைக்கிறது.

எழுத்துப் பிழையை எழுதியவர் நம்மில் எவரும் இல்லை. அதனை அறிந்து நடப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த முகாமில் முதலில் கை நீட்டுபவர்கள் ஊராட்சி உறுப்பினர்களாகவே இருக்கட்டும். அவர்களோடு நானும் வருகிறேன்.