கால்வளையம் அணிந்த பறவைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் மொழியையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசுவது மரபு. இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளோ காக்கையின் உறவுப் பறவைகள். அவற்றின் காலில் இடப்படும் சிறு வளையம் நமக்கு எதைக் கற்பிக்கிறது என்பதே என் பேச்சு.

மேலைநாடுகளில் 'ஜே' என்னும் பறவைகள் உண்டு. அவை காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் நம் பனங்காடையையும் 'நீல ஜே' என்றே அழைத்தனர். ஆயினும் அது அக்குடும்பத்ததன்று. நம் மலைப்பக்கத்துக் காடுகளில் வாழும் மெய்யான உறவுப் பறவை வெண்வயிற்று வால்காக்கையே. கருமுகம், வெண்ணிற வயிறு, செம்பழுப்பு முதுகு, மிக நீண்ட வால் ஆகியவை அதன் அடையாளங்கள். தென்னிந்தியாவை அன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை.

சென்ற மார்கழியில் நாம் கண்ட வால்காக்கையும், இம்மார்கழியில் அதே மரத்தில் காண்பதும் ஒன்றுதானா? எவராலும் சொல்ல இயலாது. தோட்டத்தில் செக்ரோலில் பெயர் இருப்பதால்தான் இன்னார் வந்தார், இன்னார் வரவில்லை என்பது தெரிகிறது. பறவைக்கு அத்தகைய பெயரைத் தருவது கால்வளையம்.

1899-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டில் மார்டென்சன் என்னும் பள்ளி ஆசிரியர், எண் பொறித்த அலுமினிய வளையங்களை ஸ்டார்லிங் பறவைகளுக்கு இட்டார். முறையான வளையமிடும் ஆராய்ச்சி அவரால் தொடங்கிற்று. நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-இல் இப்பணியை மேற்கொண்டது. பின்னர் சாலிம் அலி அவர்களின் தலைமையில் அது பெருகியது. நம் கோடியக்கரையிலும் நடைபெற்றது.

வளையமிட்ட ஜே பறவைகளைக் காண நாம் மனத்தளவில் கனடா நாட்டின் அல்கான்குவின் பூங்காவுக்குச் செல்ல வேண்டும். அங்கே 1960களில் ரஸ் ரட்டர் என்பவரும், அவரைத் தொடர்ந்து டான் ஸ்டிரிக்லண்டு என்பவரும் கனடா ஜேக்களுக்கு வண்ண வளையங்கள் இட்டு ஆராய்ந்தனர். குளிர்காலத்தில் பனியில் நடப்போரை அப்பறவை அஞ்சுவதில்லை. கையில் வந்தமர்ந்து உணவு கொள்ளும். அப்போது வளையத்தின் நிறங்களைப் படித்து, இது இன்ன பறவை என்று கூறிவிடலாம்.

இவ்வாறு பல்லாண்டுகள் படித்ததனால் அறிந்தவை வியப்புக்குரியவை. அப்பறவை கோடையிலும் இலையுதிர் காலத்திலும் உணவை உமிழ்நீரால் பிசைந்து, மரப்பட்டை இடுக்குகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒட்டி வைக்கிறது. பனி உருகுமுன்பே கூடு கட்டி, அச்சேமிப்பைக் கொண்டு குஞ்சுகளை வளர்க்கிறது. குஞ்சுகளுள் வலியது ஒன்று தன் உடன்பிறப்புகளைத் துரத்திவிட்டுப் பெற்றோருடன் தங்குகிறது. இலையுதிர் காலம் வெப்பமாகிவரும் இந்நாளில், சேமித்த உணவு கெட்டுப்போகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அப்பூங்காவின் ஆராய்ச்சிப் பகுதியில் ஜேக்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டன. ஒவ்வொரு பறவைக்கும் பெயர் இருந்தமையால் அன்றோ இக்குறைவு உடனே புலப்பட்டது!

வளையத்தைப் படிக்கும் முறையை இளைஞர்கள் அறிந்துகொள்ளுங்கள். பறவை நம்மை நோக்கி அமர்ந்திருக்கையில் அதன் இடக்கால் நமக்கு வலப்புறம் தோன்றும்; இதில் மயங்குதல் கூடாது. முதலில் எந்தக் கால் என்று குறியுங்கள். பின் ஒவ்வொரு காலிலும் மேலிருந்து கீழாக நிறங்களை எழுதுங்கள். எண் பொறித்த உலோக வளையம் எந்தக் காலில் உள்ளது என்பதையும் எழுதுங்கள். இடம், நாள், நேரம் ஆகியவற்றை அங்கேயே குறித்தல் வேண்டும். வீடு வந்தபின் நினைவு மாறும். வளையம் படிக்கவென்று பறவையைப் பிடித்தல் தகாது; 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. இறந்த பறவையின் காலில் வளையம் கண்டால், அதன் எண்ணைப் பம்பாய்க் கழகத்துக்கு எழுதி அறிவியுங்கள்.

நம் அருகிலுள்ள மதிகெட்டான் சோலை 2003-இல் தேசியப் பூங்காவாயிற்று. அதன் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டரே. பறவை அந்த எல்லையை அறியாது; நம் ஏலத்தோட்டத்து நிழல்மரங்களும் அதற்குக் காடுதான். கிளை கழிக்கும் பருவத்தில் எந்த மரத்தில் கூடு உண்டு என்பதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அம்மரத்தடியில் உழைக்கும் நீங்களே. எந்த ஆராய்ச்சியாளரும் உங்களைப்போல் நாள்தோறும் அங்கு நிற்பதில்லை.

குளிர்காலந்தோறும் நம் ஓடைகளுக்கு இமயத்துக்கு அப்பாலிருந்தும் வாலாட்டிக் குருவிகள் வருகின்றன. பிழைப்பை நாடி மலையேறிவந்த நம் முன்னோரின் பெயர்களைத் தோட்டத்துப் பேரேடுகள் குறித்து வைத்தன. வந்துபோகும் இவ்வுயிர்களுக்கு நாம் ஒரு பேரேடு வைக்கலாகாதா? சங்கத்தின் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் லயத்துச் சிறுவர்கள் பெரியவர் ஒருவருடன் காலையில் நடந்து, கண்டதை அதில் எழுதட்டும். உண்டிவில் பிடித்த கைகள் எழுதுகோல் பிடிக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்பேட்டை இம்மேடையில் ஒரு சிறுமி படிக்கக் கேட்பேன் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகிறேன்.